சோபா, திவான், கட்டில்: எதற்கு எந்தத் தலையணை, எந்தத் திண்டு?

குஷனோ தலையணையோ வாங்கப் போகிறவர்களில் பெரும்பாலோர் கடையில் முதலில் கையில் எடுப்பது உறையைத்தான். நிறமும் பூவேலையும் மனத்துக்குப் பிடித்துவிட்டால், உள்ளே இருப்பது பஞ்சா ஸ்பாஞ்சா, அது எத்தனை நாள் தாங்கும், நம் வீட்டு நாற்காலிக்கு அதன் கனம் பொருந்துமா என்ற கேள்விகள் எல்லாம் பணம் கொடுத்து வீடு வந்து சேர்ந்த பிறகே எழுகின்றன. இந்த வரிசையைத் தலைகீழாக்கிக்கொள்வது நல்லது. எந்த இடத்துக்கு என்பதை முதலில் முடிவுசெய்து, பிறகு உயரத்தை அளந்து, அதற்கேற்ற நிரப்பைத் தேர்ந்து, அதன் பிறகு துணிக்கு வர வேண்டும். நிறம் கடைசியில் வரட்டும். உறையை எப்போது வேண்டுமானாலும் மாற்றிவிடலாம். தவறான நிரப்பின்மேல் அன்றாடம் உட்கார்ந்து எழுபவரின் இடுப்புக்கு அந்த வசதி இல்லை.

இடம் என்று சொல்வது கூடம், படுக்கையறை என்பதை மட்டும் அல்ல. மெத்தையோ தலையணையோ எந்தச் சுமையைத் தாங்கப்போகிறது என்பதையே பார்க்க வேண்டும். இருக்கை மெத்தை உட்காருபவரின் எடையில் பெரும்பகுதியை ஒரே இடத்தில் வாங்கிக்கொள்கிறது. முதுகுத் திண்டு சாய்வின் எடையை மட்டும் தாங்குகிறது. தலையணைக்கு வருவது நான்கரை, ஐந்து கிலோ எடையுள்ள தலை மட்டுமே. ஆனால் அந்தத் தலையை அது ஏழெட்டு மணி நேரம் ஒரே உயரத்தில் வைத்திருக்க வேண்டும். சோபாவின் மூலையில் அழகுக்கு வைக்கும் சிறு குஷனுக்கு ஏறக்குறைய எந்தச் சுமையும் இல்லை. ஒன்றுக்குப் பொருந்தும் நிரப்பு மற்றொன்றுக்குப் பொருந்தாமல் போவதற்கு இந்த வேறுபாடே காரணம்.

இலவம் பஞ்சும் பருத்திப் பஞ்சும்

தமிழ்நாட்டு வீடுகளில் நெடுங்காலமாகத் தலையணைக்குரிய நிரப்பு இலவம் பஞ்சுதான். தேனி மாவட்டத்தில் போடிநாயக்கனூரைச் சுற்றியுள்ள பகுதிகள் இதன் விளைச்சலுக்கும் வணிகத்துக்கும் பெயர்பெற்றவை. கோடையில் காய்கள் முற்றி வெடிக்கும் தறுவாயில் பறித்து, ஓட்டை உடைத்து, விதையையும் நடுத்தண்டையும் நீக்கிய பிறகே பஞ்சு விற்பனைக்கு வருகிறது. இதன் இழை உள்ளீடற்ற குழல் போன்றது. மேலே இயற்கையாகவே மெல்லிய மெழுகுப் பூச்சு உண்டு. ஆகவே எடை குறைவு, காற்று நிறைய, ஈரம் எளிதில் ஏறாது. இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் கப்பல் பயணிகளின் உயிர்காப்பு உடைகளுக்குள் இலவம் பஞ்சை அடைத்ததற்கும் இந்த மெழுகும் உள்ளிருக்கும் காற்றுமே காரணம். வெப்பம் மிகுந்த ஊர்களில் தலை வியர்க்காமல் தூங்குவதற்கு இதைவிட ஏற்ற நிரப்பு வெகு சிலவே உள்ளன என்பது என் கருத்து.

வாங்கும்போது பார்க்க வேண்டியவை இரண்டு. முதலாவது விதை. கையை மூட்டைக்குள் விட்டு ஒரு பிடி பஞ்சை விரல்களுக்கிடையே உருட்டிப் பார்த்தால், மிளகளவு கரிய விதைகள் இருந்தால் தட்டுப்படும். விதையோடு விற்கும் பஞ்சில் எடை கூடிவிடுவதோடு, அந்த விதைகளின் எண்ணெய்ப்பசையைத் தேடிப் பூச்சிகளும் வரும். இரண்டாவது நிறமும் தூசியும். நல்ல பஞ்சு வெளிர் மஞ்சள் கலந்த வெண்மையாக, பட்டுப்போல் பளபளப்போடு இருக்கும். பழைய மெத்தையைப் பிரித்து மீண்டும் அடித்த பஞ்சு சாம்பல் நிறமாகவும் துண்டு துண்டாகவும் இருக்கும். உதறினால் பளபளப்புக்குப் பதில் புழுதி எழும்.

17க்கு 27 அங்குலத் தலையணை ஒன்றுக்கு, விரும்பும் உயரத்தைப் பொறுத்து, ஒரு கிலோவிலிருந்து ஒன்றரைக் கிலோ வரை பஞ்சு பிடிக்கும். வீட்டிலேயே அடைப்பவர்கள் மின்விசிறியை நிறுத்திவிட்டு, மூக்கையும் வாயையும் துணியால் கட்டிக்கொண்டு, பழைய போர்வையின்மேல் உட்கார்ந்து செய்வது நல்லது. ஒரு கீற்றுக் காற்று போதும், பஞ்சு அறை முழுவதும் பறந்துவிடும். உள்ளுறைக்கு நெருக்கமாக நெய்த கெட்டித் துணி வேண்டும். இழை இடைவெளி உள்ள துணியில் பஞ்சு நாளடைவில் வெளியே துருத்திக்கொண்டு வரும். முதலில் அடிப்பக்கத்து இரு மூலைகளையும் விரலால் அழுத்தி நிறைக்க வேண்டும். மூலை காலியாக இருந்தால் தலையணை சில வாரங்களில் நடுவில் உருண்டு திரண்டுவிடும். பிறகு சிறு சிறு பிடிகளாகப் பிரித்து, உதறி, அடுக்கடுக்காக வைத்து, வாயை இரட்டை நூலால் நெருக்கமாகத் தைக்கலாம். அடைத்த அன்று தலையணை தேவைக்கு மேல் உயரமாகத் தோன்றுவது இயல்பு. சில வாரப் பயன்பாட்டில் அது படிந்து தன் உயரத்துக்கு வரும் என்பதைக் கணக்கில் கொண்டு சற்றுக் கூடுதலாகவே அடைக்க வேண்டும்.

இந்தப் பஞ்சின் குறைகளையும் அறிந்திருக்க வேண்டும். துவைத்தால் கட்டி தட்டிவிடும். எடை தாங்கும் இடத்தில் சீக்கிரமே நசுங்கிவிடும் என்பதால் சோபா இருக்கைக்கு உதவாது. தீப்பற்றினால் நொடியில் பரவும். ஆகையால் விளக்கு, கொசுவர்த்திச் சுருள் ஆகியவற்றின் அருகே அடைக்கும் வேலையைச் செய்யவே கூடாது.

பருத்திப் பஞ்சு இதற்கு நேர்மாறானது. கனமானது, ஈரத்தை உறிஞ்சுவது, சில மாதங்களிலேயே படிந்து இறுகுவது. தலையணைக்குக் குறையாகும் இந்த இறுக்கமே திண்டுக்கும் தரையில் போடும் மெத்தைக்கும் நிறையாகிவிடுகிறது. சாய்ந்தால் உள்வாங்காமல் எதிர்த்து நிற்கும். இறுகிப்போனதைப் பிரித்து, பஞ்சுக் கடையில் கொடுத்து அடித்து வாங்கினால் பெரும்பகுதி மீண்டும் பயன்படும். நடுவில் நூலால் குத்தித் தைத்து முடிச்சிடும் வழக்கம் வெறும் அழகுக்காக வந்ததல்ல. பஞ்சு ஒரு பக்கமாக ஓடிவிடாமல் அந்த முடிச்சுகளே பிடித்து நிறுத்துகின்றன.

ஃபோம் வாங்கும்போது தராசைக் கேளுங்கள்

சோபா இருக்கைக்கு இன்று பெரும்பாலும் பாலியூரித்தேன் ஃபோம்தான் பயன்படுகிறது. இந்த வேதிப்பொருளை 1937இல் ஜெர்மனியில் ஓட்டோ பேயர் உருவாக்கினார். பேச்சுவழக்கில் நாம் ஸ்பாஞ்ச் என்று சொல்லும் மென்மையான வகை பிற்பாடு வந்தது. கடைகளில் இதை 23, 28, 32, 40 என்று டென்சிட்டி எண் சொல்லி விற்கிறார்கள். ஒரு கன மீட்டர் ஃபோமின் எடை எத்தனை கிலோ என்பதையே இந்த எண் குறிக்கிறது. பலரும் இதை உறுதியின் அளவு என்று எண்ணிக்கொண்டு, 40 என்றால் கல்லுப்போல் இருக்கும் என்று அஞ்சுகிறார்கள். உண்மையில் டென்சிட்டி வேறு, உறுதி வேறு. ஒரே 40 டென்சிட்டியில் மென்மையானதும் உண்டு, கெட்டியானதும் உண்டு. எண் கூடும்போது பொதுவாகக் கூடுவது ஆயுள். அதாவது எத்தனை ஆண்டுகள் குழி விழாமல் இருக்கும் என்பது. அன்றாடம் குடும்பமே உட்காரும் இருக்கைக்கு 32க்குக் கீழே போகக் கூடாது. 40 கிடைத்தால் அதையே எடுக்கலாம். முதுகுத் திண்டுக்கு 23, 28 போதுமானது.

எண்ணைக் கடைக்காரர் சொல்கிறார். அதைச் சரிபார்ப்பது எப்படி? தராசு இருந்தால் போதும். 22க்கு 22 அங்குலம், 4 அங்குலக் கனம் உள்ள ஒரு துண்டை எடுத்துக்கொண்டால், அதன் கொள்ளளவு ஏறத்தாழ 32 லிட்டர், அதாவது ஒரு கன மீட்டரில் நூறில் மூன்று பங்கைவிடச் சற்றுக் கூடுதல். அது உண்மையாகவே 32 டென்சிட்டி என்றால் ஒரு கிலோ இருக்கும். 40 என்றால் ஏறக்குறைய ஒன்றேகால் கிலோ இருக்கும். 32 என்று சொல்லிக் கொடுத்த துண்டு முக்கால் கிலோவுக்கும் குறைவாக நின்றால், அது 23 என்று அறியலாம். சில மலிவு ஃபோம்களில் சுண்ணாம்புத் தூள் கலந்து எடையைக் கூட்டுவதும் உண்டு என்பதால், எடையோடு இன்னொன்றையும் பார்க்க வேண்டும்: வெட்டிய ஓரத்தை விரலால் தேய்த்தால் பொடி உதிரக் கூடாது, முட்டியால் அழுத்தி விட்டவுடன் பள்ளம் தங்காமல் எழும்ப வேண்டும்.

துண்டு ஃபோம்களை அரைத்து ஒட்டிச் செய்த ரீபாண்டட் என்னும் வகை, பல வண்ணப் புள்ளிகளோடு காணப்படும். மிகக் கெட்டியானது. தனியாக உட்கார ஏற்றதல்ல. அடியில் ஓர் அங்குலமோ இரண்டோ வைத்து, மேலே நல்ல ஃபோமைப் போட்டால், சட்டங்களுக்கு இடையே மெத்தை அமுங்குவதை இது தடுக்கும். தேக்குச் சட்ட சோபாக்களில் அடிச்சட்டங்கள் மூன்று அங்குலத்துக்கு மேல் இடைவெளி விட்டு இருந்தால் இந்த அடுக்கு மிகவும் தேவைப்படும். பிளைவுட் பலகையும் வைக்கலாம். காற்றுப் போக அதில் சில துளைகள் இட்டுக்கொள்ள வேண்டும்.

நினைவு ஃபோம் எனப்படும் மெமரி ஃபோம், 1966இல் அமெரிக்க விண்வெளி நிறுவனமான நாசாவுக்காக இருக்கை மெத்தைகளை ஆராய்ந்தபோது பிறந்தது. உடல் சூட்டில் இளகி உருவத்துக்கேற்பப் படிவதே இதன் தனித்தன்மை. அதே தன்மையால், குளிரூட்டி இல்லாத அறையில் சித்திரை மாதத்தில் இது தேவைக்கு மேல் இளகிவிடும். சூட்டையும் பிடித்து வைத்துக்கொள்ளும். கழுத்து வலிக்காரர்களுக்கு ஓரளவு உதவும் என்றாலும், நம் ஊர்க் கோடையை நினைத்தே இதை வாங்க வேண்டும்.

ரப்பர் பாலிலிருந்து செய்யும் லேடெக்ஸ், விலை கூடுதலானாலும், துள்ளலும் காற்றோட்டமும் நீண்ட ஆயுளும் உடையது. வெயில் மட்டும் இதற்கு ஆகாது. தென்னை நாரில் ரப்பர் பாலைத் தெளித்து அழுத்திச் செய்யும் பலகை மிகக் கெட்டியான அடித்தளம் தரும். ஊஞ்சல் பலகைக்கும் திவானுக்கும் இதன்மேல் ஓர் அங்குல ஃபோம் வைத்துத் தைத்தால் போதும்.

கடைகளில் ரெக்ரான் என்ற பெயரிலேயே பலர் கேட்கும் பாலியெஸ்டர் இழை, சோபா குஷன்களுக்கு ஏற்ற மலிவான நிரப்பு. துவைக்கலாம், சீக்கிரம் காயும், பூச்சி வராது. தலையணையில் ஓரிரு ஆண்டுகளில் தட்டையாகிவிடுவது இதன் குறை. எடை பார்த்தே இதையும் வாங்க வேண்டும். 16 அங்குலக் குஷனில் 400 கிராமுக்குக் குறையாமல் இருந்தால்தான் நிமிர்ந்து நிற்கும்.

இருக்கைக்கு எத்தனை அங்குலக் கனம்

கனத்தைத் தீர்மானிப்பது நாற்காலியின் உயரமே தவிர நம் விருப்பம் அல்ல. உட்கார்ந்தால் பாதங்கள் தரையில் முழுமையாகப் பதிய வேண்டும். முழங்கால் ஏறக்குறைய நேர்கோணத்தில் மடிய வேண்டும். இதற்குத் தரையிலிருந்து இருக்கையின் மேற்பரப்பு வரை 16 முதல் 18 அங்குலம் பெரும்பாலானவர்களுக்குப் பொருந்தும். சோபாவின் மரச்சட்டம் 13 அங்குலத்தில் இருந்தால், மேலே 4 அங்குல மெத்தை இடலாம். உட்காரும்போது அது ஓர் அங்குலம் அமுங்கும் என்பதையும் சேர்த்துக் கணக்கிட வேண்டும். முதியவர்கள் உட்காரும் இருக்கை சற்று உயரமாகவும் கெட்டியாகவும் இருக்கட்டும். புதைந்துபோகும் மென்மையான சோபா கடையில் உட்கார்ந்து பார்க்கும்போது சுகமாகத் தோன்றினாலும், மூட்டு வலி உள்ளவர் அதிலிருந்து எழுவதற்குள் இரண்டு பேர் கை கொடுக்க வேண்டியிருக்கும்.

சாப்பாட்டு மேசை நாற்காலியில் இது இன்னும் நுட்பமானது. மேசை பொதுவாக 30 அங்குல உயரம், நாற்காலி 18 அங்குலம். இடையே உள்ள 12 அங்குலத்தில்தான் தொடையும் கையும் அடங்க வேண்டும். அதில் 3 அங்குலக் குஷனைப் போட்டால் மேசையின் அடிச்சட்டம் தொடையில் இடிக்கும். ஓர் அங்குலம், மிஞ்சினால் ஒன்றரை அங்குலக் கெட்டி ஃபோம் போதும். பின்பக்க இரு மூலைகளிலும் நாடா வைத்துத் தைத்து நாற்காலிக் காலோடு கட்டிவிட்டால் வழுக்காது. பிரம்பு நாற்காலிக்கும் இதே முறைதான்.

ஆழத்தையும் பார்க்க வேண்டும். முதுகு சாய்வில் படும்படி உட்கார்ந்தால், முழங்காலின் பின்பக்கத்துக்கும் இருக்கையின் விளிம்புக்கும் இடையே இரண்டு, மூன்று விரல் இடைவெளி இருப்பது சரியான அளவு. ஆழம் கூடுதலான சோபாவில் குள்ளமானவர்களின் கால் தொங்கும்; அங்கே புதிய சோபா தேவையில்லை, 5 அங்குல முதுகுத் திண்டு ஒன்று சேர்த்தாலே ஆழம் குறைந்துவிடும். இடுப்பின் உள்வளைவுக்குத் தனியாக வைக்கும் சிறு திண்டு, பெல்ட் அணியும் உயரத்துக்குச் சற்று மேலே நிற்க வேண்டும். தோளுக்குப் பின்னால் ஏறிவிட்டால் பயனில்லை.

படுக்கைத் தலையணை

தலையணையின் உயரத்தை எந்தப் பக்கம் படுக்கிறோம் என்பதே முடிவுசெய்கிறது. ஒருக்களித்துப் படுப்பவருக்குத் தோளின் அகலம் முழுவதையும் தலையணை நிரப்ப வேண்டும். மல்லாந்து படுப்பவருக்குக் கழுத்தின் வளைவைத் தாங்கினால் போதும். குப்புறப் படுப்பவருக்கு மிக மெல்லியதே நல்லது, இல்லாமலும் படுக்கலாம். அளப்பதற்கு எளிய வழி உண்டு. சுவரில் ஒரு பக்கத் தோள் படும்படி நேராக நின்றுகொண்டு, தலையைச் சாய்க்காமல், சுவருக்கும் காதுக்கும் இடையே உள்ள தூரத்தை இன்னொருவரை அளக்கச் சொல்ல வேண்டும். ஒருக்களித்துப் படுப்பவருக்கு, தலை அழுத்திய நிலையில், தலையணை அந்த உயரத்தை ஒட்டி நிற்க வேண்டும். மெத்தை மென்மையாக இருந்தால் தோள் உள்ளே அமுங்கிவிடும் என்பதால் சற்றுத் தாழ்ந்த தலையணை போதும். பாயிலோ கெட்டி மெத்தையிலோ படுப்பவருக்கு முழு உயரமும் தேவை. கணவன், மனைவி இருவருக்கும் ஒரே ஜோடி வாங்கும் பழக்கம் பெட்டியில் அடைத்து விற்பவர்களுக்கு வசதியே தவிர, கழுத்துக்கு வசதியாக அமைவது தற்செயல்தான்.

இரண்டாவது தலையணையைத் தலைக்கு வைத்து உயர்த்துவதைவிட, ஒருக்களித்துப் படுப்பவர் முழங்கால்களுக்கு நடுவிலும், மல்லாந்து படுப்பவர் முழங்கால்களுக்கு அடியிலும் வைத்தால் இடுப்புக்கு இதமாக இருக்கும். கருவுற்ற பெண்களுக்கு வயிற்றின் அடியில் சரிவாக வைக்கும் மெல்லிய இலவம் பஞ்சுத் தலையணை மிகவும் உதவும். நீளமாக வளைந்த சிறப்புத் தலையணையும் கிடைக்கிறது, ஆனால் அது கட்டிலில் இன்னொரு ஆள் அளவுக்கு இடத்தைப் பிடிக்கும்.

ஒரு வயது நிரம்பாத குழந்தை தூங்கும் இடத்தில் தலையணை, குஷன், மென்மையான திண்டு எதையும் வைக்கக் கூடாது. மூச்சு அடைபடும் ஆபத்து உண்டு என்பதால் குழந்தை மருத்துவர்கள் இதைத் தெளிவாகவே எச்சரிக்கிறார்கள். உருண்டு விழாமல் இருக்க இருபுறமும் தலையணை அடுக்கும் வழக்கத்தையும் இதில் சேர்த்தே விட்டுவிட வேண்டும்.

திண்டும் தரை மெத்தையும்

திவானுக்கு விற்கும் துணித் தொகுப்பில் பெரும்பாலும் ஒரு விரிப்பு, ஐந்து குஷன் உறைகள், இரண்டு உருளைத் திண்டு உறைகள் என எட்டு உருப்படிகள் இருக்கும். உறையின் அளவு தெரிந்த பிறகு திண்டு செய்வதே நல்லது. முன்பே செய்துவிட்டால் உறை தளர்ந்து சுருங்கும், அல்லது ஏறவே ஏறாது. உருளைத் திண்டுக்குப் பருத்திப் பஞ்சையும் இலவம் பஞ்சையும் கலந்து, உள்ளே பருத்தி, வெளியே இலவம் என்ற அடுக்கில் இறுக்கமாக அடைத்தால் சாய்வதற்குக் கெட்டியாகவும் தொடுவதற்கு மெதுவாகவும் இருக்கும். 8 அங்குல விட்டமுள்ள திண்டுக்குச் சுற்றளவு ஏறக்குறைய 25 அங்குலம். தையலுக்கு ஓர் அங்குலம் சேர்த்து 26 அங்குல அகலத் துணியும், இரு முனைகளுக்கும் 9 அங்குல வட்டமும் வெட்ட வேண்டும்.

தரையில் சம்மணமிட்டு உட்காரும் வீடுகளில் 24 அங்குலச் சதுர மெத்தை, 4 அங்குலக் கனத்தில், 40 டென்சிட்டி ஃபோமிலோ இறுக அடைத்த பருத்தியிலோ செய்துகொள்ளலாம். இடுப்பு முழங்காலைவிடச் சற்று உயரமாக இருந்தால் முதுகு தானாகவே நிமிரும். நீண்ட நேரம் உட்கார்ந்து பாடுபவர்களும் தியானம் செய்பவர்களும் அனுபவத்தில் அறிந்தது இது. அடியில் ஜமக்காளம் விரித்தால் தரையின் ஈரமும் புழுதியும் மெத்தையில் ஏறாது.

உறை: அளவு, துணி, தையல்

அழகுக் குஷன்களில் உறை உள்ளிருப்பதைவிட ஓரிரு அங்குலம் சிறியதாக இருக்க வேண்டும். 16 அங்குல உறைக்குள் 18 அங்குலப் பஞ்சுக் குஷனை நுழைத்தால்தான் மூலைகள் நிறைந்து உப்பலாக நிற்கும். சம அளவில் போட்டால் நாலு மூலையும் காது தொங்கும். ஃபோமுக்கு இந்த விதி அப்படியே பொருந்தாது. அங்கே உறை அரை அங்குலம் மட்டும் சிறியதாக இருந்தால் போதும். ஃபோமைச் சுற்றி மெல்லிய பாலியெஸ்டர் ஷீட்டைப் போர்த்திவிட்டு உறையைப் போட்டால் விளிம்புகள் மழுங்கி வட்டமாகத் தெரியும், உறையும் வழுக்கிக்கொண்டு ஏறும்.

ஜிப் இல்லாமல், பின்பக்கம் ஒன்றன்மேல் ஒன்று ஏறும் மடிப்போடு தைப்பது தொடக்கநிலையில் உள்ளவர்களுக்கு எளிது. 16 அங்குல உறைக்கு முன்பக்கம் 17க்கு 17 அங்குலத் துண்டு ஒன்று. பின்பக்கத்துக்கு 17க்கு பதினொன்றரை அங்குலத் துண்டுகள் இரண்டு. பின்துண்டு ஒவ்வொன்றிலும் 17 அங்குல விளிம்பு ஒன்றை ஓர் அங்குலம் உள்ளே மடித்து ஓரம் அடித்துக்கொள்ள வேண்டும். முன்துண்டை நல்ல பக்கம் மேலே இருக்கும்படி விரித்து, அதன்மேல் பின்துண்டுகளை நல்ல பக்கம் கீழே இருக்கும்படி, ஓரம் அடித்த விளிம்புகள் நடுவில் ஏறி நிற்க வைத்து, நான்கு பக்கமும் அரை அங்குலம் விட்டுத் தைத்துத் திருப்பினால், நடுவில் 4 அங்குலம் ஏறிய மடிப்போடு உறை கிடைக்கும். பருத்தித் துணியாக இருந்தால் வெட்டுவதற்கு முன்பே ஒருமுறை நனைத்துக் காயவைத்துவிட வேண்டும். இல்லையென்றால் முதல் சலவையிலேயே சுருங்கி, குஷனைத் திணிக்கப் போராட வேண்டியிருக்கும். அழுத்தமான நிறமுள்ள சுங்குடி போன்ற துணிகளில் ஈரமான வெள்ளைத் துணியை வைத்துத் தேய்த்துச் சாயம் போகிறதா என்றும் பார்த்துக்கொள்ளலாம்.

துணியில் என் சார்பு பருத்திக்கே. கரூர்த் தறிகளில் நெய்யப்படும் கெட்டிப் பருத்தி உலகச் சந்தைக்குப் போகிறது. நாம் மட்டும் பளபளக்கும் செயற்கை வெல்வெட்டில் வியர்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோம். சணல் துணி பார்வைக்கு நன்றாக இருந்தாலும் கன்னத்தில் உறுத்தும். செயற்கைத் தோல் உறையைச் சென்னை, தூத்துக்குடி போன்ற கடலோர ஊர்களில் யோசித்தே வாங்க வேண்டும். பாலியூரித்தேன் பூசிய வகை காற்றின் ஈரத்தால் சில ஆண்டுகளில் செதில் செதிலாக உரியும், அதற்கு மருந்து கிடையாது. பழைய பட்டுப்புடவையின் முந்தானையில் உறை தைப்பவர்கள் உள்ளே பருத்தி லைனிங் கொடுத்து, ஜரிகை வெளிப்பக்கம் உராயாத இடத்தில் அதை வைப்பது நல்லது.

எத்தனை குஷன் என்று கேட்பவர்களுக்கு ஒரே அளவுகோல்தான்: விருந்தாளி உட்காருவதற்கு முன் எதையாவது எடுத்து ஓரமாக வைக்க வேண்டியிருந்தால், எண்ணிக்கை மிகுந்துவிட்டது.

வெயில் யாருக்கு, நிழல் யாருக்கு

மொட்டை மாடியில் எல்லாவற்றையும் ஒன்றாகக் காயப்போடும் பழக்கத்தை மட்டும் மாற்றிக்கொள்ள வேண்டும். இலவம் பஞ்சும் பருத்தியும் மாதம் ஒருமுறை மூன்று, நான்கு மணி நேரம், இரு பக்கமும் திருப்பிப்போட்டு வெயிலில் காய்ந்தால் உப்பி எழும், ஈரவாடையும் போகும். ஃபோமும் லேடெக்ஸும் அதே வெயிலில் மஞ்சளித்து, நாளடைவில் பொடிப்பொடியாக உதிரத் தொடங்கும். அவற்றை நிழலில், காற்றோட்டமான இடத்தில் நிறுத்திவைத்தால் போதும். ஐப்பசி, கார்த்திகை மழை நாட்களில் சுவரோடு ஒட்டிய சோபாவைக் கைப்பிடி அளவு தள்ளிப்போட்டு, மெத்தைகளை வாரம் ஒருமுறை நிமிர்த்தி வைத்தால் பூஞ்சை பிடிக்காது.

தலைக்கு எண்ணெய் வைக்கும் வீடுகளில் தலையணை உறைக்கு உள்ளே ஜிப் வைத்த இன்னோர் உறை கட்டாயம் வேண்டும். எண்ணெய் உள்ளுறையைத் தாண்டிப் பஞ்சுக்குப் போய்விட்டால் அந்த வாடை எந்த வெயிலிலும் போவதில்லை. சோபா முதுகில் படிந்த எண்ணெய்க் கறைக்கு, கடலை மாவைத் தூவி சில மணி நேரம் விட்டு, தூரிகையால் தட்டிவிட்டு, பாத்திரம் துலக்கும் சோப்பு நீரில் நனைத்த துணியால் ஒற்றி எடுக்கலாம். தலையணை உறையை வாரம் ஒருமுறை வெந்நீரில் துவைப்பது நல்லது. 60 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் தூசிப்பூச்சிகள் மடியும் என்பதால், காலையில் எழுந்ததும் தும்முபவர்கள் இதைத் தவறாமல் செய்ய வேண்டும். பாலியெஸ்டர் தலையணையைச் சலவை இயந்திரத்தில் போடும்போது இரண்டு தலையணைகளைச் சேர்த்துப் போட்டால் சுழற்சி ஒரு பக்கம் சாயாது. ஃபோம் நனைந்துவிட்டால் முறுக்கிப் பிழியாமல் இரு கைகளுக்கிடையே அழுத்தி நீரை வெளியேற்ற வேண்டும்.

தலையணையை மாற்ற வேண்டிய காலம் வந்ததா என்பதை அறிய, பாலியெஸ்டர் தலையணையைப் பாதியாக மடித்துவிட்டுக் கையை எடுக்க வேண்டும். விரியாமல் மடிந்தே கிடந்தால் அதன் காலம் முடிந்தது. இலவம் பஞ்சுத் தலையணையை அவ்வளவு சீக்கிரம் தூக்கிப் போட வேண்டியதில்லை. ஒரு பக்கத் தையலைப் பிரித்து, பஞ்சை உதறி, கால் கிலோ புதிய பஞ்சு சேர்த்து அடைத்தால் இன்னும் சில ஆண்டுகள் வரும். குழி விழுந்த ஃபோமைச் சிறு துண்டுகளாக வெட்டித் தரையில் போடும் குஷன்களுக்குள் அடைக்கலாம். அதற்கும் உதவாத பழைய ஃபோமை எக்காரணம் கொண்டும் வீட்டருகே எரிக்கக் கூடாது. அதன் புகையில் நச்சு வாயுக்கள் இருப்பதால், உலர் குப்பையோடு சேர்த்துக் கொடுத்துவிட வேண்டும்.